ஆராய்ச்சி எனக்கு வருமா? முனைவர் பட்ட மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பி.எச்டி.க்குப் பதிவு செய்தவர்களுக்கு முதல் வருடம் ஆராய்ச்சி முறையியல் கோர்ஸ் வொர்க் எடுப்பது என் வேலை. வகுப்பில் "டவுட் இருக்கா?" என்றால் ஒரு கை தூக்காது. வகுப்பு முடிந்து வராண்டாவில் கேட்பார்கள், கேன்டீன் வரிசையில் கேட்பார்கள், ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்ஆப்பில் வாய்ஸ் மெசேஜ் வரும். ஆள்தான் மாறுகிறார்கள், கேள்வி மாறுவதில்லை: ஆராய்ச்சி செய்ய என்னால் முடியுமா என்ற நம்பிக்கையைச் சுற்றித்தான் எல்லாம். தனித்தனியாகச் சொல்லிச் சலித்ததால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடியதை மட்டும் எடுத்துவிட்டேன். பி.எச்டி. விதிமுறை என்று சொல்லும் இடங்களில் யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிமுறைகளைத்தான் சொல்கிறேன். அதற்கு மேல் உங்கள் பல்கலைக்கழகம் சிலதைச் சேர்த்திருக்கலாம்; ரிசர்ச் செக்‌ஷனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

"மேம், ரிசர்ச் கான்ஃபிடன்ஸ்னு சொல்றீங்களே, அது நாலு பேர் முன்னாடி தைரியமா பேசறதா?"

இல்லை. மேடையில் வெளுத்து வாங்குபவர் பத்துக் கேள்வி கொண்ட ஒரு வினாநிரலைத் தயாரிக்கத் தெரியாமல் முழிப்பதைப் பார்த்திருக்கிறேன். வகுப்பில் வாயே திறக்காத பெண், ஆவணக் காப்பகத்தில் நூறு வருடத்துக் கோப்புகளைப் பிரித்து மேய்ந்துவிட்டு வருவதையும் பார்த்திருக்கிறேன். ஒரு குறிப்பிட்ட வேலையை என்னால் செய்து முடிக்க முடியும் என்று ஒருவர் தன்னைப் பற்றி வைத்திருக்கும் கணிப்பைத்தான் இங்கே நம்பிக்கை என்கிறேன். ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977-ல் இதை ஒரு கோட்பாடாக எழுதினார். இந்தக் கணிப்பு வேலைக்கு வேலை மாறும் என்பது அவர் விடாமல் வலியுறுத்திய விஷயம்.

ஆராய்ச்சி என்பது ஒரே வேலை கிடையாது. கேள்வியைக் கண்டுபிடிப்பது, முந்தைய ஆய்வுகளைத் தேடிப் படிப்பது, கருவி தயாரிப்பது, களத்துக்குப் போவது, தரவைப் பகுப்பது, எழுதுவது, எழுதியதற்காக நின்று பேசுவது என்று அது ஒரு மூட்டை வேலை. அதனால் "எனக்கு ஆராய்ச்சி வருமா?" என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. "எடுத்த பேட்டிகளைத் தலைப்பு வாரியாகப் பிரிக்க வருமா?" என்று கேட்டால் பதில் உண்டு. கீழே வரும் பல கேள்விகளுக்கு நான் முதலில் செய்வது, பெரிய கேள்வியை இந்தச் சின்னக் கேள்வியாக உடைப்பதுதான்.

"எம்.எஸ்சி.ல கோல்ட் மெடல் மேம். பி.எச்டி. வந்ததுக்கப்புறம் ஒண்ணுமே தெரியாத முட்டாள் மாதிரி இருக்கு. எப்படி?"

தேர்வில் கேள்வி கேட்டவருக்கு விடை தெரியும். இங்கே உங்கள் கைடுக்கும் தெரியாது, தெரிந்திருந்தால் அதற்கு ஒரு பி.எச்டி. எதற்கு? பதினேழு வருடம் விடை இருக்கும் கேள்விகளுக்குப் பழகிய மூளை, விடை இல்லாத இடத்தில் வந்து நிற்கும்போது அதைத் தன் குறையாக எடுத்துக்கொள்கிறது.

இன்னொன்றும் நடக்கிறது. சேரும் அன்று நீங்கள் படித்திருந்தது பாடப்புத்தகம். ஆறு மாதம் கட்டுரைகளைப் படித்த பிறகுதான், தெரியாதது எவ்வளவு என்பதே தெரிய வருகிறது. முதல் வருடத்தில் நம்பிக்கை இறங்குவது பல பேருக்குக் கண் திறந்ததன் அடையாளம். இரண்டாம் வருடம் முடியும்போதும் துளிகூட ஏறவில்லை என்றால் அது வேறு விஷயம். கீழே நம்பிக்கை வரும் நாலு வழிகள் பற்றிய பதிலையும் கைடு பற்றிய பதில்களையும் பாருங்கள்.

"என்கிட்ட இது எவ்வளவு இருக்குன்னு அளக்க முடியுமா?"

முடியும். அமெரிக்காவில் உளவியல் துறை பி.எச்டி. மாணவர்களுக்காக 1990-களிலேயே இதற்கென்று அளவுகோல்கள் தயாரித்துவிட்டார்கள். ஆனால் உங்களுக்கு அதெல்லாம் வேண்டாம், ஒரு தாள் போதும். பண்டூரா சொன்ன முறை எளிது: வேலைகளை ஒவ்வொன்றாக எழுதி, "இன்றைய தேதியில் என்னால் முடியும்" என்பதற்கு 0 முதல் 100 வரை பத்துப் பத்தாக மதிப்பெண் போட வேண்டும். "செய்வேன்" என்று எழுதக் கூடாது, அது ஆசையை அளக்கும். "முடியும்" என்று எழுதுங்கள். வேலைகளும் பொடியாக இருக்க வேண்டும். "தீசிஸ் எழுத" என்று போட்டால் எல்லோருக்கும் 20-தான் வரும்.

"எனக்கு எதுவுமே வராது மேம்" என்று வந்த ஒரு மாணவி இப்படிப் போட்டார். பேட்டி எடுக்க 80. பதிவைக் கேட்டு எழுத 90. எழுதியதைத் தலைப்பு வாரியாகப் பிரிக்க 40. கிடைத்ததை முந்தைய ஆய்வுகளோடு வைத்துப் பேச 10. தாளைப் பார்த்ததும் அவரே சொன்னார், "அப்போ அந்தக் கடைசிதான் பிரச்சினையா?" ஆமாம், அது மட்டும்தான். மாதம் ஒரு தரம் இதே தாளை மறுபடி போட்டுப் பாருங்கள், போன மாதத்துத் தாளைப் பார்க்காமல்.

"சரி, இந்த நம்பிக்கை எங்கிருந்துதான் வரும்? சிலருக்குப் பிறவியிலேயே இருக்கே!"

பண்டூரா நாலு வழிகள் சொல்கிறார். தானே செய்து முடித்த அனுபவம் ஒன்று. தன்னைப் போன்ற ஒருவர் செய்து முடிப்பதைப் பார்ப்பது இரண்டாவது. மற்றவர் சொல்லும் சொல் மூன்றாவது. அந்த நேரத்தில் உடம்பும் மனசும் இருக்கும் நிலை நாலாவது. நாலும் ஒரே எடை இல்லை, முதலாவதுதான் வலுவானது. பாம்பென்றால் வாழ்க்கையே முடங்கிப்போகிற அளவுக்குப் பயந்த பெரியவர்களை வைத்து 1970-களில் அவர் குழு சோதித்தது. சிலர் துணையோடு படிப்படியாகத் தாங்களே மலைப்பாம்பைத் தொட்டார்கள், கையில் எடுத்தார்கள். சிலர் இன்னொருவர் எடுப்பதைப் பார்க்க மட்டும் செய்தார்கள். பார்த்தவர்களுக்கும் நம்பிக்கை ஏறியது, ஆனால் தொட்டவர்களுக்கு ஏறிய அளவு இல்லை. அதோடு, "இந்தப் படி வரை என்னால் முடியும்" என்று அவர்கள் முன்கூட்டிச் சொன்னதும் பிறகு செய்ததும் பெரும்பாலும் ஒத்துப்போனது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது "துணையோடு படிப்படியாக" என்பதை. ஒரு பி.எச்டி. மாணவருக்கு முதல் "முடித்த வேலை" நாலு வருடம் கழித்து வரும் தீசிஸாக இருந்தால் இடையில் நம்பிக்கை வருவதற்கு வழியே இல்லை. பத்துப் பேரிடம் முன்னோட்ட ஆய்வு, ஒரு நூலுக்கு இரண்டு பக்க மதிப்புரை, ஒரு டேபிள், டிபார்ட்மெண்டில் பத்து நிமிடப் பேச்சு. முடிந்தது என்று தேதி போட்டு வைக்கக்கூடிய வேலைகள் வேண்டும்.

இரண்டாவது வழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊக்கப்படுத்துகிறேன் என்று ராமானுஜன் கதையைச் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அவர் உங்களைப் போன்றவர் இல்லையே! உங்கள் டிபார்ட்மெண்டில் போன வருடம் வைவா (வாய்மொழித் தேர்வு) முடித்த அக்கா, அரசுப் பள்ளியில் படித்தவர், மூன்று முறை தலைப்பை மாற்றியவர், அவர் எப்படி முடித்தார் என்று கேளுங்கள். வேலை செய்வது அந்தக் கதைதான். இந்தியப் பல்கலைக்கழகத் தீசிஸ்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஷோத்கங்கா தளத்துக்குப் போய் உங்கள் துறையில் வந்த தீசிஸ்கள் நாலைந்தைப் படித்தாலும் நல்லது. நல்லதைப் படித்தால் வழி தெரியும். மோசமானதைப் படித்தால், வெளியில் சொல்ல வேண்டாம், கொஞ்சம் நிம்மதியாக இருக்கும்.

"எங்க சார் ஒரு தடவைகூட நல்லா இருக்குன்னு சொன்னதே இல்ல. அப்புறம் எப்படி மேம் நம்பிக்கை வரும்?"

மேலே சொன்ன மூன்றாவது வழி இது. பாராட்டுக் கிடைத்தால் நல்லதுதான், ஆனால் வெறும் "சூப்பர்" இரண்டு நாளைக்கு மேல் தாங்காது. எது சரி, எது சரியில்லை என்று குறிப்பாகச் சொன்னால்தான் அடுத்த முறை உங்களால் செய்ய முடியும். அதைக் கேட்டு வாங்கும் பொறுப்பு, நியாயமோ இல்லையோ, பாதி உங்கள் தலையில்தான் விழுகிறது.

"சார், சாப்டர் எப்படி சார் இருக்கு?" என்று கேட்டால் "ம்... பார்க்கலாம்பா" என்றுதான் வரும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "சார், 14-ம் பக்கத்துல ரெண்டு தாலுக்காவை மட்டும் எடுத்ததுக்குக் காரணம் எழுதியிருக்கேன். இந்தக் காரணம் போதுமா சார், இல்ல மக்கள்தொகை டேபிள் ஒண்ணு சேர்க்கணுமா?" இதற்கு "பார்க்கலாம்" என்று பதில் சொல்ல முடியாது. அந்தப் பக்கத்தை மட்டும் பிரிண்ட் எடுத்துக் கையில் கொண்டுபோனால் இன்னும் நல்லது. நாற்பது பக்கத்தைத் தள்ளிவைப்பவர்கூட ஒரு பக்கத்தை நின்றுகொண்டே படித்துவிடுவார்.

"சாப்டர் கொடுத்து அஞ்சு மாசம் ஆச்சு. சார் தொடவே இல்ல. அவ்வளவு மோசமாவா எழுதியிருக்கேன்?"

அவர் படிக்கவே இல்லை. படிக்காத ஒன்றை எப்படி மோசம் என்று நினைத்திருப்பார்? மௌனத்துக்கு நாமே ஒரு தீர்ப்பை எழுதிக்கொள்கிறோம், அது எப்போதும் நமக்கு எதிராகவே வருகிறது. ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மேல் வழிகாட்டக் கூடாது என்று விதி இருக்கிறது. எட்டுப் பேர், வகுப்புகள், நாக் (கல்லூரித் தர மதிப்பீடு) வேலை, விடைத்தாள் திருத்தம். உங்கள் சாப்டர் அவர் மேசையில் எதற்கு அடியில் இருக்கிறதோ!

காரணம் எதுவானாலும் ஐந்து மாதம் அதிகம்தான், அதில் உங்கள் மேல் தவறில்லை. ஒவ்வொரு செமஸ்டரும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் நீங்கள் முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும் என்பது விதி. நம் ஊரில் டாக்டோரல் கமிட்டி, டி.சி. மீட்டிங் என்றெல்லாம் சொல்வது இதைத்தான். பல இடங்களில் டீயும் பிஸ்கட்டும் கையெழுத்துமாக முடிந்துவிடுகிறது. அப்படி விட்டுவிடாதீர்கள். கைடைத் தவிர உங்கள் வேலையைப் படிக்கக் கடமைப்பட்டவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு ஐந்து பக்கத்தை அனுப்பி, "இதைப் பற்றிக் கருத்து வேண்டும்" என்று பணிவாக எழுதுங்கள். சாரைப் புகார் சொல்கிற தொனி மட்டும் வேண்டாம், அதை மனதில் வைத்துக்கொள்வார்கள்.

"லேப்ல எல்லாருமே என்னைவிட நல்லா பண்றாங்க. நான்தான் ஏதோ லக்குல உள்ள வந்துட்டேன், ஒருநாள் மாட்டிக்குவேன்னு தோணுது."

1978-ல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் எழுதியது அப்படியே இதுதான். பட்டமும் பதவியும் பெற்ற 150-க்கும் மேற்பட்ட பெண்களோடு பேசி, "நான் போலி, எல்லோரையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன்" என்ற உணர்வு அவர்களிடம் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று பதிவு செய்தார்கள். நோய் என்று அவர்கள் பெயர் வைக்கவில்லை. ஆண்களுக்கும் உண்டு என்று பிறகு வந்த ஆய்வுகள் காட்டின. இந்த உணர்வின் கெட்ட குணம், வெற்றி வந்தாலும் கணக்கில் எடுத்துக்கொள்ளாது: நெட் பாஸானால் "கேள்வித்தாள் ஈஸி", பேப்பர் வந்தால் "கோ-ஆதர் பேர்ல வந்துச்சு".

அடுத்தவர் லேபில் என்ன செய்கிறார் என்பதில் உங்கள் கண்ணுக்குத் தெரிவது முடிந்த வேலை மட்டும். மூன்று மாதமாக வேலை செய்யாத அவருடைய சோதனையைப் பற்றி வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸ் வைக்க மாட்டார். லேப் மீட்டிங்கில் வாரம் ஒருவர் "இந்த வாரம் சொதப்பியது" என்று ஒன்றைச் சொல்லும் பழக்கத்தைச் சீனியர் யாராவது தொடங்கினால் பெரிய உபகாரம்.

"ஆனா என் விஷயத்துல நானா நினைச்சுக்கலை. 'கோட்டால வந்தவன்'னு காதுபடவே சொல்றாங்க."

அப்படியானால் மேலே சொன்ன பதில் உங்களுக்குப் பொருந்தாது, பொருத்திப் பார்க்கவும் வேண்டாம். ஒருவர் தன்னைத் தானே சந்தேகிப்பது வேறு, சுற்றி இருப்பவர்கள் தினமும் சந்தேகத்தை ஊட்டுவது வேறு. இரண்டாவதுக்கு "உன் நம்பிக்கையை வளர்த்துக்கொள்" என்று சொல்வது அநியாயம். இட ஒதுக்கீடு சட்டம் தந்த வாசல். உள்ளே வந்தபிறகு கோர்ஸ் வொர்க் தேர்வும், வெளித் தேர்வாளர்களும், வைவாவும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

என்ன சொன்னார்கள், யார், எந்தத் தேதி, யார் கூட இருந்தார்கள் என்று எழுதி வையுங்கள். 2012-ல் வந்த யு.ஜி.சி. சமத்துவ விதிமுறைகள் ஒவ்வொரு நிறுவனத்திலும் சம வாய்ப்பு மையமும் பாகுபாடு தடுப்பு அலுவலரும் இருக்க வேண்டும் என்கின்றன. புகார் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் முடிவு. கைடின் தயவு தேவைப்படும் இடத்தில் அது எளிது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தனியாகச் சுமக்காதீர்கள். இதே பாதையில் வந்து முடித்த சீனியர்கள் எல்லாப் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறார்கள், தேடிப் பிடியுங்கள்.

"நான் பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். இங்கிலீஷ்ல எழுத வரல. அதனால ஆராய்ச்சியே நமக்கு ஆகாதோ?"

மேலே சொன்ன மதிப்பெண் தாளில், ஆங்கிலத்தில் எழுதுவதற்கு ஒரு தனி வரி போடுங்கள். சிந்திப்பதற்கு வேறு வரி. இரண்டையும் ஒரே வரியில் போட்டதால்தான் இந்தக் கேள்வியே வருகிறது. வாதத்தை முதலில் தமிழில் எழுதுங்கள்: என்ன கேட்டேன், என்ன கிடைத்தது, அதனால் என்ன. அரைப் பக்கம் போதும். தமிழில் அது நிற்கவில்லை என்றால் பிரச்சினை மொழி இல்லை. நின்றுவிட்டால் மீதி மொழி வேலை, அது பயிற்சியில் வரும்.

உங்கள் துறையின் நல்ல கட்டுரைகள் மூன்றை எடுத்து, ஆய்வு முறைப் பகுதியில் எந்த வாக்கியம் என்ன வேலை செய்கிறது என்று ஓரத்தில் தமிழில் குறியுங்கள். "இங்கே இடத்தைச் சொல்கிறார், இங்கே எண்ணிக்கைக்குக் காரணம் சொல்கிறார்." அந்த வரிசையை எடுத்துக்கொள்ளலாம், வாக்கியத்தை எடுக்கக் கூடாது.

"ஸ்டாட்டிஸ்டிக்ஸ்னாலே கை நடுங்குது. வெளியில காசு கொடுத்துப் பண்ணிக்கலாமா? எல்லாரும் பண்றாங்களே."

பல்கலைக்கழக வாசலில் ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் "எஸ்.பி.எஸ்.எஸ். செய்து தரப்படும்" என்று புள்ளியியல் மென்பொருள் பெயரைப் போட்டுப் போர்டு இருப்பது எனக்கும் தெரியும். நேர்மைப் பிரச்சினையை விடுங்கள், அது உங்களுக்கே தெரியும். எனக்கு அதைவிடக் கவலை தருவது, காசு கொடுத்தவர்கள் பிறகு தரவுப் பகுப்பாய்வு இருக்கும் தங்கள் சொந்த நாலாம் சாப்டரைக் கண்டாலே பயப்படுகிறார்கள். வைவாவில் "ஏம்மா இங்க டி-டெஸ்ட் போட்டிருக்க?" என்று ஒரே ஒரு கேள்வி வந்தால் மூன்று வருட உழைப்பும் யாருடையதோ போல ஆகிவிடுகிறது. நிபுணரிடம் ஆலோசனை கேட்பது தப்பே இல்லை. உட்கார்ந்து செய்வது நீங்களாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதைச் செய்து பாருங்கள். உங்கள் தரவில் இருபது பேரை மட்டும் எடுங்கள். சராசரியும் திட்ட விலக்கமும் பேனா, கால்குலேட்டரில் போடுங்கள். அதையே மென்பொருளில் போடுங்கள். ஜமோவி, ஆர் இரண்டும் இலவசம். சராசரி ஒத்துப்போகும், திட்ட விலக்கம் கொஞ்சம் இடிக்கலாம். "தப்புப் பண்ணிட்டேன்" என்று மூடி வைக்காதீர்கள். நீங்கள் 20-ஆல் வகுத்திருப்பீர்கள், மென்பொருள் 19-ஆல் வகுத்திருக்கும். ஏன் ஒன்று குறைகிறது என்று தேடிப் படிக்கும் அந்த அரை மணி நேரத்தில் நடுக்கம் பாதி போய்விடும். இது கண்கூடாகப் பார்த்தது.

"சாட்ஜிபிடி இல்லாம ஒரு பாரா எழுத முடியல மேம். இது தப்பா?"

தப்பா என்பதற்கு உங்கள் பல்கலைக்கழகமும் நீங்கள் அனுப்பும் இதழும் என்ன விதி வைத்திருக்கின்றன என்று பார்க்க வேண்டும். நம்பிக்கைக்கு என்ன ஆகும் என்று கேட்டால், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கேள்விக்குச் சொன்னதேதான். மாடிக்கடைக்குப் பதில் போன், காசும் கம்மி. நீங்களே எழுதி, பிறகு இலக்கணத்தைச் சரிபார்க்கக் கொடுத்தால் எழுதியவர் நீங்கள். முதல் வரியிலிருந்தே அது எழுதினால், முடித்த அனுபவம் உங்கள் கணக்கில் ஏறாது. பாரா முடிந்திருக்கும், உங்கள் தாளில் அந்த வரி 10-லேயே நிற்கும். போதாக்குறைக்கு, இல்லாத கட்டுரைகளை இருப்பதுபோல மேற்கோள் காட்டும் பழக்கம் அதற்கு உண்டு.

"பேப்பர் ரிஜெக்ட் ஆயிடுச்சு. அடுத்தது எழுதவே மனசு வரல."

முதலில் எங்கே நின்றது என்று பாருங்கள். எடிட்டரே, மதிப்பாய்வாளருக்கு அனுப்பாமல், சில நாளில் திருப்பியிருந்தால் பெரும்பாலும் இதழ் தேர்வு சரியில்லை என்று அர்த்தம். அந்த இதழில் கடைசி இரண்டு வருடம் வந்த தலைப்புகளைப் படித்திருந்தாலே தெரிந்திருக்கும். மதிப்பாய்வுக்குப் போய்த் திரும்பியிருந்தால், நீங்கள் முகம் பார்க்காத இரண்டு பேர் உங்கள் கட்டுரையை வரி வரியாகப் படித்திருக்கிறார்கள். கைடு படிக்கவில்லை என்று மேலே ஒருவர் அழுதாரே, அந்த வேலையை இவர்கள் இலவசமாகச் செய்திருக்கிறார்கள்.

அன்று படிக்காதீர்கள். நாலைந்து நாள் கழித்து எடுத்து, ஒவ்வொரு கருத்துக்கும் பக்கத்தில் "உடனே முடியும்", "வேலை இருக்கிறது", "ஒப்புக்கொள்ள மாட்டேன், காரணம் இது" என்று எழுதுங்கள். "மாதிரி எண்ணிக்கை ஏன் 120?" என்று கேட்டிருந்தால் அது திட்டு இல்லை, நீங்கள் எழுத விட்டுப்போன இரண்டு வரி.

பி.எச்டி. சமர்ப்பிக்கக் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 விதிமுறைகள் எடுத்துவிட்டன, ஆனால் பல்கலைக்கழகங்கள் தங்கள் அளவில் கேட்கலாம். அந்த அவசரத்தில் காசு கட்டி ஒரே வாரத்தில் வெளியாகும் இதழில் போடாதீர்கள். அதை பயோடேட்டாவில் எழுதும்போது உங்கள் கையே கூசும்.

"வைவான்னு நினைச்சாலே வயித்தைக் கலக்குது. கான்ஃபரன்ஸ்லயே ஒரு கேள்விக்கு வாய் அடைச்சுப் போச்சு."

மேலே பண்டூரா சொன்ன நாலாவது வழி, உடம்பும் மனசும் இருக்கும் நிலை, இது. நெஞ்சு படபடப்பதை "எனக்குத் தெரியாது" என்பதன் சாட்சியாக எடுத்துக்கொள்கிறோம். முப்பது வருடமாகப் பாடம் எடுப்பவர்களுக்கும் வருடத்தின் முதல் வகுப்பில் படபடக்கிறது. அதற்கும் தெரிந்ததற்கும் சம்பந்தமில்லை. தீசிஸின் மூலை முடுக்கு உங்களுக்குத் தெரியும் அளவுக்கு அந்த அறையில் வேறு யாருக்கும் தெரியாது.

வைவா பொதுவில் நடக்கும், ஜூனியர்களும் உட்காரலாம். உங்களுடையது வருவதற்கு முன் மற்றவர்களுடைய வைவாக்களில் போய் உட்காருங்கள். என்ன கேட்கிறார்கள் என்பதைவிட, தெரியாதபோது எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கவனியுங்கள். "அந்தக் கோணத்துல நான் பார்க்கலை சார், என் தரவு இது வரைக்கும்தான் சொல்லுது" என்று ஒருவர் நிதானமாகச் சொன்னதும் தேர்வாளர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார். இந்த வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள், சிரிப்பு வந்தாலும் பரவாயில்லை.

"எங்க டிபார்ட்மெண்ட்ல ஒருத்தன் எதையும் படிக்காமலே எல்லாம் தெரியும்ங்கறான். நம்பிக்கை ஓவரா இருந்தாலும் ஆபத்துதானே?"

ஆபத்துதான். கார்னெல் பல்கலைக்கழகத்தில் க்ரூகரும் டன்னிங்கும் 1999-ல் மாணவர்களுக்குத் தர்க்கம், இலக்கணம் போன்றவற்றில் தேர்வு வைத்தார்கள். கடைசிக் கால்பங்கில் வந்தவர்கள் தங்களைச் சராசரிக்கு மேல் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். இதில் ஒரு பகுதி வெறும் புள்ளியியல் விளைவு என்று பிறகு விமர்சனம் வந்தது, அதனால் உங்கள் நண்பர் தலையில் "டன்னிங்-க்ரூகர் விளைவு" என்ற பெயரை ஒட்டிவிடாதீர்கள். அதே ஆய்வில் மேல் கால்பங்கில் வந்தவர்கள் தங்களைக் கொஞ்சம் குறைத்தே மதிப்பிட்டார்கள். இந்தப் பக்கத்தைத் தேடி வந்து படிப்பவர்களுக்கு அதுதான் அதிகம் பொருந்தும் என்பது என் அனுமானம்.

இன்னொரு சங்கதி. ஜெஃப்ரி வான்கூவர் என்ற உளவியலாளர் மறைத்து வைத்த நிற வரிசையைக் கண்டுபிடிக்கும் மாஸ்டர்மைண்ட் விளையாட்டை வைத்துச் செய்த சோதனைகளில், நம்பிக்கை ஏறிய ஆட்டத்துக்கு அடுத்த ஆட்டத்தில் மாணவர்கள் அதிகம் தவறு செய்தார்கள். "இது நமக்குத் தெரியும்" என்று வந்ததும் சரிபார்ப்பது குறைகிறது. அதனால் தாளில் 90 போட்ட வேலைகளையும் ஒரு கண் பாருங்கள். பேட்டியைக் கேட்டு எழுத 90 போட்டாரே அந்த மாணவி, அவர் ஒரு பதிவைத் திரும்பக் கேட்டபோது "வேலைக்குப் போகலை" என்று அந்தம்மா சொன்னதை "வேலைக்குப் போகணும்" என்று எழுதியிருந்தார்.

"குழந்தை பிறந்து ஒன்றரை வருஷம் விட்டுப்போச்சு. ஃபைலைத் திறக்கவே பயமா இருக்கு."

நேரக் கணக்கை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள், பாதிப் பயம் அதில்தான். பி.எச்டி.க்கு அதிகபட்சம் 6 வருடம், மறுபதிவில் இன்னும் 2, பெண்களுக்கு அதற்கு மேலும் 2 சலுகை உண்டு. மகப்பேறு விடுப்பு 240 நாள் வரை. எழுத்தில் விண்ணப்பித்து வாங்குங்கள், கைடிடம் வாயால் சொன்னது கணக்கில் வராது.

வேலையைத் தொடங்கும்போது விட்ட இடத்திலிருந்து தொடங்காதீர்கள், அது பெரும்பாலும் கஷ்டமான இடத்தில்தான் நின்றிருக்கும். நூற்பட்டியலைச் சரிசெய்வது, ஒரு டேபிளை மறுபடி தட்டச்சு செய்வது மாதிரிக் கை ஓடும் வேலையில் ஒரு வாரம் உட்காருங்கள். உங்கள் தாளில் எது 80-க்கு மேல் இருந்ததோ அது.

"இது வெறும் நம்பிக்கைக் குறைவா, டிப்ரெஷனா? எப்படித் தெரியும்?"

ஆராய்ச்சியில் மட்டும் தயக்கம், வீட்டில், நண்பர்களோடு, சினிமா பார்க்கையில் சாதாரணமாக இருக்கிறீர்கள் என்றால் இந்தப் பக்கம் உதவும். தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், பிடித்த எதிலும் மனம் போகாமல் இரண்டு வாரத்துக்கு மேல் ஓடினால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். 2018-ல் 26 நாடுகளில் 2,279 முதுநிலை, முனைவர் பட்ட மாணவர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில் சுமார் 39 விழுக்காட்டினருக்கு மிதமானது முதல் கடுமையானது வரை மனச்சோர்வு இருந்தது. தாங்களாக முன்வந்து பதில் சொன்னவர்கள் என்பதால் எண்ணிக்கை கூடித் தெரியலாம். ஆனாலும் நீங்கள் தனி ஆள் இல்லை. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்காதீர்கள்: அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழ்நாட்டில் 104. இரண்டிலும் தமிழில் பேசலாம்.

"விட்டுடலாமான்னு இருக்கு மேம். விட்டா தோத்துப்போனதா அர்த்தமா?"

எதை விட நினைக்கிறீர்கள் என்று பிரித்துப் பாருங்கள். ஒரு வேலை வரவில்லை என்பதற்காக என்றால், அது தாளில் ஒரு வரி. அதற்காக விட வேண்டாம். கைடோடு ஒத்துப்போகவில்லை என்றால் கைடை மாற்றக் கேட்கலாம். சங்கடமான வழிதான், ஆனால் வழி இருக்கிறது. ஃபெல்லோஷிப் இல்லாமல் வீட்டுக் கஷ்டம் என்றால் பகுதி நேரத்துக்கு மாற முடியுமா என்று பாருங்கள்.

இதெல்லாம் இல்லை, "வேலை எனக்கு வரும், ஆனால் பிடிக்கவில்லை" என்று தெளிவாகத் தோன்றினால் விடலாம். முடியாமல் விடுவதும் வேண்டாம் என்று விடுவதும் ஒன்றில்லை. நம்பிக்கை அடிமட்டத்தில் இருக்கும் மாதத்தில் மட்டும் அந்த முடிவை எடுக்காதீர்கள். ஒரு சின்ன வேலையை முடித்துவிட்டு, முடித்த அந்த வாரத்திலும் விடத் தோன்றுகிறதா என்று பாருங்கள்.

"என் பொண்ணு பி.எச்டி. பண்றா டீச்சர். எப்ப முடியும்னு கேட்டா எரிஞ்சு விழறா. பின்ன என்னதான் கேக்கறது?"

அதை மட்டும் கேட்காதீர்கள் அம்மா, அவளுக்கே தெரியாது. "இந்த வாரம் எதை எழுதற?" என்று கேளுங்கள். பதில் புரியாவிட்டாலும் பரவாயில்லை, சொல்லி முடிக்கும் வரை கேளுங்கள். கல்யாணப் பேச்சை அதே மூச்சில் எடுக்க வேண்டாம்.